அட்டையின் பின்பக்கம் தேயிலைக் கடை

காலை ஆறு நாற்பது. கைபேசித் திரையில் முதலில் தெரிந்தது ஒரு விளையாட்டு அட்டையின் பின்பக்கம். நீல நிறத்தில் கடல், நடுவில் கலங்கரை விளக்கம், அதன் அடியில் மஞ்சள் எழுத்தில் சிவகாசி பஜாரில் உள்ள ஒரு தேயிலைக் கடையின் பெயர், இரண்டு செல் நம்பர். படத்தை அனுப்பியிருந்தது தேயிலைக் கடை இல்லை. அந்தக் கடலும் கலங்கரை விளக்கமும் யாருக்குச் சொந்தமோ அவர்கள்: ஐரோப்பாவில் பலகை விளையாட்டுகளை வெளியிடும் ஒரு பதிப்பகம்.

படத்துக்கு மேலே நான்கு பத்தி ஆங்கிலம். எங்கள் விளையாட்டின் ஓவியத்தை அனுமதியின்றி அச்சிட்டிருக்கிறீர்கள். அதை வைத்து ஒரு தேயிலை வியாபாரத்துக்கு விளம்பரம் செய்திருக்கிறீர்கள். இணையத்தில் நீங்கள் ஏற்றியுள்ள தமிழ்க் கோப்பை நீக்க வேண்டும். அச்சிட்ட அட்டைகளைத் திரும்பப் பெற்று அழித்து, அதற்கு ஆதாரம் அனுப்ப வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் தேவை. அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, கூடுதலாக ஒரு சொல்லும் இல்லை. மதுரையில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் பல வருடம் திருத்தியவன் நான். எழுதியவருக்குத் தொழில் தெரியும் என்று நினைத்தேன். பல் துலக்கப் போனேன்.

பதறாததற்குக் காரணம் உண்டு. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட கடிதம் புதிதல்ல. ஒரு பட்டாசு கம்பெனியின் லேபிளில் பறவை வலப்பக்கம் பார்த்தால், அடுத்த சீசனில் இன்னொரு கம்பெனியின் லேபிளில் அதே பறவை இடப்பக்கம் பார்க்கும். வக்கீல் நோட்டீஸ் போகும். அதற்கடுத்த சீசனில் இரண்டாவது பறவைக்குக் கொண்டை முளைத்திருக்கும். அந்த வழக்குகளை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். நோட்டீஸ் விட்டவரும் வாங்கியவரும் ஒரே கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறேன். எது யாருடையது என்று கேட்பது இங்கே பகை இல்லை, வியாபாரத்தின் ஒரு வேலை.

பதிப்பகம் கேட்டதில் பாதி நியாயம் என்பது வாசித்தவுடனேயே தெரிந்தது. கடைப் பெயர் போட்ட அட்டைகள் இருக்கக் கூடாது. அதில் வாதாட எதுவும் இல்லை. ஆனால் தமிழ்க் கோப்பும் போக வேண்டும் என்கிற இடத்தில்தான் எனக்கு வேலை இருந்தது. அது போனால் எங்கள் மேசையில் ஒருவருக்கு இடமில்லாமல் போகும்.

எங்கள் மேசையில் மூன்று பேர். நான் இப்போது வீட்டிலிருந்தபடியே தினசரிக் காலண்டர்களுக்கும் டைரிகளுக்கும் பிழை திருத்துகிறேன். இரண்டாமவர் தேயிலைக் கடைக்காரர். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர். ஊருக்கு அவர் பாய், எனக்கு மாப்ளே. மூன்றாமவர் பக்கத்து வீட்டுப் பெண். உறவு இல்லை என்றாலும் தங்கச்சி என்றுதான் இருவரும் கூப்பிடுவோம். பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை. காலையில் ஆனைக்குட்டம் ரோட்டில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் இறக்கிவிடும். ஞாயிறு லீவு. அன்று மதியத்துக்கு மேல் என் வீட்டில் விளையாட்டு.

விளையாட்டுப் பெட்டி, பாயின் மச்சான் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வாங்கி வந்தது. பாயின் வீட்டில் சீட்டு என்ற சொல் ஆகாது; அதனால் நாங்கள் மூவரும் அட்டை என்றே சொல்லப் பழகினோம். தங்கச்சிக்கும் அது வசதியாக இருந்தது. "ஒம் பொண்டாட்டி சீட்டாடுதாமே" என்று யாரோ டீக்கடையில் அவர் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டார்கள். "அது அட்டை" என்று அவர் சொல்லிவிட்டு டீயைக் குடித்தாராம்.

விளையாட்டு கஷ்டமானதல்ல. ஆளுக்கு ஒரு துறைமுகம். கப்பல்கள் சரக்கோடு வரும். குளிர்காலம் நெருங்க நெருங்கக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிக்கட்டியாகும். அதற்குள் யார் அதிகச் சரக்கை இறக்குகிறார்களோ அவர் ஜெயித்தவர். கையில் இருக்கும் அட்டைகளை யாரும் யாருக்கும் காட்டக் கூடாது. என்ன சரக்கு என்று வாயால் சொல்லலாம்; சொன்னது உண்மையாக இருக்க வேண்டியதில்லை. விளையாட்டே அந்தப் பொய்யில்தான் இருக்கிறது. ஒவ்வொரு அட்டையிலும் நாலைந்து வரி ஆங்கிலம்.

தங்கச்சி தமிழ் தடையில்லாமல் வாசிப்பார், ஆங்கிலம் வராது. முதல் இரண்டு ஞாயிறும் அவருடைய அட்டைகளை நான் அவர் காதோடு வாசித்துச் சொன்னேன். இரண்டாவது ஞாயிறு பாதி ஆட்டத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார்.

"என் கையில இருக்கது அம்புட்டும் ஒங்களுக்குத் தெரியும். அப்புறம் நான் யாரண்ணே ஏமாத்துறது? ரெண்டு கையையும் நீங்களே ஆடிக்கோங்க."

"அவன் ஒன் கையையும் சேத்து ஆடியும் தோக்கத்தான் செய்யிறான் தங்கச்சி" என்றார் பாய்.

அதற்காகத்தான் தமிழ்ப்படுத்தினேன். மூன்று வாரம் பிடித்தது. தங்கச்சி வேன் இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் வாசலில் நின்று வாசித்துப் பார்ப்பார். கடல் உறைந்தது என்று எழுதியிருந்தேன்.

"கடல் என்ன தயிரா, உறைய?"

கட்டியாகிவிட்டது என்று மாற்றினேன். சரக்கேற்றம் தாமதம் என்பதை அவர் வாய்விட்டு வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இம்புட்டையும் நான் வாசிச்சு முடிக்கதுக்குள்ள கப்பல் போயிரும்ணே. லோடு ஏறலைன்னு போடுங்க." போட்டேன். பத்திரிகையில் என் வாக்கியத்தை இவ்வளவு வேகமாகச் சுருக்கியவர்கள் குறைவு.

விளையாட்டு ரசிகர்கள் தாங்களே செய்த விதிச்சுருக்கங்களையும் மொழிபெயர்ப்புகளையும் இலவசமாகப் பகிர்ந்துகொள்ளும் ஒரு இணையதளம் இருக்கிறது. முடித்த கோப்பை அங்கே ஏற்றினேன். வெறும் எழுத்து, படம் எதுவும் கிடையாது. அந்தக் கோப்பை அட்டையாக அச்சடித்துத் தருகிறேன் என்று பாய் எடுத்துப் போனார். வருடா வருடம் அவருக்குக் காலண்டர் அடித்துத் தரும் அச்சகத்தில் கொடுத்தார்.

அங்கேதான் நடந்தது. காலண்டர்த் தொழிலுக்கு ஒரு முறை உண்டு. மேலே படம், கீழே பட்டையாக ஒரு காலி இடம். படம் அச்சகத்துடையது, காலி இடம் ஆர்டர் கொடுக்கும் கடையின் பெயருக்கு. பெயர் ஏறாமல் ஒரு தாளும் வெளியே போகாது. பாயின் கடைப் பெயர் அச்சகத்தின் கம்ப்யூட்டரில் எப்போதும் தயாராக இருக்கும். பின்பக்கம் வெறுமையாக இருந்த எங்கள் அட்டை வேலையும் பாயின் கணக்கில்தான் அங்கே போனது. அச்சக முதலாளி அண்ணாச்சி பாயிடம் விளையாட்டுப் பெட்டியை வாங்கி, மூடியை ஸ்கேன் செய்து, கடலையும் கலங்கரை விளக்கத்தையும் பின்பக்கம் போட்டு, கீழே வழக்கம்போலக் கடைப் பெயரை ஏற்றிவிட்டார். யாரும் கேட்கவில்லை. தனிக் கூலியும் போடவில்லை.

"நான் சொல்லவே இல்ல மாப்ளே. அவுகளாப் பாத்துப் போட்டுக் குடுத்துருக்காக" என்று பாய் கட்டைப் பிரித்துக் காட்டிய நாளில் அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நினைவிருக்கிறது. தங்கச்சியும் தடவித் தடவிப் பார்த்தார். நாங்கள் மூன்று பேர் ஆடத்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் ஆஃப்செட் மெஷினை மூன்று பேருக்காக ஓட்ட மாட்டார்கள். ஒரு கட்டு எங்களுக்குப் போக, மீதிக் கட்டுகள் பாயின் கடையில் இருந்தன. அவற்றைப் பாய் காலண்டர் கொடுப்பதுபோலக் கொடுத்தார். தேயிலை வாங்க வந்த சில்லறைக் கடைக்காரர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு. அதில் ஒன்று யார் வீட்டு வழியாகவோ சென்னைக்குப் போய், விளையாட்டுப் பிரியர்களின் பக்கம் ஒன்றில் படமாக ஏறியது. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: தமிழ்ப் பதிப்பு எப்போது வந்தது, இந்தத் தேயிலைக் கம்பெனிதான் இந்திய வெளியீட்டாளரா? பதிப்பகத்தின் கண்ணில் பட இது போதும்; நான் ஏற்றிய கோப்பில் என் மின்னஞ்சல் முகவரியும் இருந்தது.

கடிதம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அதை இருவருக்கும் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

"ஏலே, நான் ஓசியாத்தானே குடுத்தேன்! வித்தேனா?" என்றார் பாய்.

"ஓசியாக் குடுத்ததுல ஒன் கடை பேரு இருக்குல்ல? அதுக்குப் பேருதான் விளம்பரம்."

தங்கச்சி இடையில் புகுந்தார். "பாய் அண்ணே, காலண்டர்ல முருகன் படம் போட்டு அடியில ஒங்க பேரப் போடுறீக. அவரு நோட்டீஸா விட்டாரு?"

"அவருட்ட இமெயில் இல்ல தங்கச்சி."

சிரித்து முடித்ததும் தங்கச்சி மேசையிலிருந்த கட்டைக் கையில் எடுத்தார். "அப்ப இதையும் குடுத்துரணுமா? நம்ம ஆடுற ஒண்ணையாச்சும் வச்சுக்கிட்டா யாருக்குண்ணே தெரியப் போகுது?"

"அழிச்சாச்சுன்னு நான் எழுதிக் குடுக்கணும். ஒண்ண வச்சுக்கிட்டு அப்படி எழுத முடியாது."

"அப்ப மறுபடியும் காதுல ஓதப் போறீகளாக்கும்."

"இல்ல. தமிழக் கேட்டு வாங்குவோம்."

"குடுப்பாகளா?"

"கேக்குற மாதிரி கேப்போம்."

நம்பிக்கையோடுதான் சொன்னேன். காரணம், பதிப்பகத்தின் இணையதளத்திலேயே ரசிகர்களுக்கான விதிகள் இருந்தன. அதற்குள் அவற்றை இரண்டு முறை வாசித்திருந்தேன். விற்கக் கூடாது. எங்கள் ஓவியத்தையும் முத்திரையையும் எடுக்கக் கூடாது. வேறு வியாபாரத்தின் பெயர் கூடாது. அசல் பெட்டியை வாங்காமல் அதை வைத்து மட்டும் ஆட முடியும்படி எதுவும் செய்யக் கூடாது. மொழிபெயர்ப்புக்கு எங்களிடம் கேட்க வேண்டும். கடைசி வரி முக்கியம். கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது; கூடாது என்று இல்லை. பத்திரிகையில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை வைத்துத்தான் பிழைத்தேன்.

கேட்பதற்கு முன் அழிக்க வேண்டியதை அழிக்க வேண்டும். இணையத்திலிருந்த கோப்பை அன்றே நீக்கினேன். கட்டுகளைத் திரும்ப வாங்க பாய் போன் போட்டார். பாதிப் பேர் கொடுத்தனுப்பினார்கள். காரியாபட்டியில் ஒரு கடைக்காரர் மட்டும் முடியாது என்றார். அவருக்காக பாயின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். விருதுநகர் தாண்டி வெயில் ஏறிவிட்டது.

கடைக்குள் போனதும் காரணம் புரிந்தது. பருப்பு, மல்லி, வத்தல் என்று ஒவ்வொரு சாக்கிலும் எங்கள் அட்டை ஒன்று குத்தியிருந்தது. எழுத்துப் பக்கத்துக்கு மேல் ஸ்கெட்ச் பேனாவில் விலை. துவரம்பருப்பு விலைக்கு அடியில் 'கடல் கட்டியாகிவிட்டது, ஒரு முறை காத்திரு' என்பது மங்கலாகத் தெரிந்தது.

"நல்ல கெட்டி அட்ட பாய்" என்றார் கடைக்காரர். "பின்னாடி ஒங்க பேரு. திரும்பி நின்னாலும் வெளம்பரம். இதப் போயி எவனாச்சும் திருப்பிக் கேப்பானா?"

"வெளிநாட்டுல இருந்து கேக்குறாக மொதலாளி."

"பருப்பு வெலையவா?"

பாய் கால் மணி நேரம் பேசினார். ஆளுக்கு ஒரு டீ குடித்தோம். கடைசியில் கடைக்காரர் ஒரு நிபந்தனை வைத்தார்: இதே கெட்டியில், ஒன்றும் எழுதாத வெறும் அட்டை ஒரு கட்டு வர வேண்டும். பாய் ஒப்புக்கொண்டார். சாக்கு சாக்காக அட்டைகளை நானே பிடுங்கினேன். வத்தல் நெடியில் தும்மல் நிற்கவில்லை.

வந்தவை எல்லாம் ஒரு மூட்டையாக அச்சகத்துக்குப் போயின. எங்கள் மேசைக் கட்டை, அந்த ஞாயிறு கையோடு வீட்டுக்கு எடுத்துப் போயிருந்த தங்கச்சி சனிக்கிழமை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். "எங்க கம்பெனிக்குக் குடுங்கண்ணே, வெடிக்குள்ள சுத்தி ஆகாசத்துக்கே அனுப்பிருவோம்" என்றார். அட்டை வெடிக்குச் சுற்ற வளையாது என்பது அவருக்கும் தெரியும்.

அச்சகத்தில் அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"பேரு போட்டது ஒரு குத்தமா? மொட்டையா ஒரு வேலைய வெளிய விட்டா ஊரு என்னையத்தான பேசும்?"

"பேரு போட்டது குத்தமில்ல அண்ணாச்சி. அடுத்தவுக படத்துக்கு அடியில போட்டதுதான்."

"ஒங்க பாயி மச்சான் அந்தப் பெட்டியக் காசு குடுத்துத்தான வாங்குனாரு?"

"பெட்டியத்தான் வாங்குனாரு. ஒங்க காலண்டர ஒருத்தர் காசு குடுத்து வாங்கிட்டுப் போயி, அதே படத்தப் பக்கத்து அச்சகத்துல அடிச்சா?"

அண்ணாச்சி மூட்டையை இழுத்துப் பிரித்தார். கட்டிங் மெஷின்காரரைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் நாலா வெட்டுப்பா" என்றார். கத்தி இறங்கியது. துண்டுகளை நிழல் விழாமல் பரப்பிப் படம் எடுத்தேன். கலங்கரை விளக்கம் எந்தத் துண்டிலும் முழுதாக இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

பதிலை அன்று மாலையே எழுதினேன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். அச்சகத்தின் வழக்கத்தை இரண்டு வாக்கியத்தில் விளக்கினேன். சாக்காக அல்ல, அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. வருத்தம் ஒருமுறை தெரிவித்தேன். வெட்டிய துண்டுகளின் படத்தை இணைத்தேன். பிறகு கேட்டேன்: எங்கள் மேசையில் தமிழ் மட்டும் வாசிக்கும் ஒருவர் இருக்கிறார். இந்த விளையாட்டில் கை ரகசியம். பிறர் வாசித்துச் சொன்னால் அவர் ஆடவே முடியாது. அட்டைகளாக வேண்டாம். ஒவ்வொரு அசல் அட்டைக்கும் எண் போட்டு, அதன் தமிழ் வரிகளை மட்டும் தாங்கிய துண்டுச் சீட்டு. அசல் அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறைக்குள் செருகுவது. அசல் பெட்டி இல்லாமல் அதற்குப் பயன் இல்லை. படம் இல்லை, முத்திரை இல்லை, கடை இல்லை, விலை இல்லை. இதற்கு அனுமதி வேண்டும்.

பதில் வரும்வரை இரண்டு ஞாயிறு போனது. தங்கச்சி வந்தார், ஆடவில்லை. "நீங்க ஆடுங்க, நான் பாக்கேன்" என்று பாயின் பின்னால் உட்கார்ந்தார். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் அட்டையில் கோதுமை மூட்டைப் படம் இருந்தால் தெரியும்தானே. பாய் மூன்று கப்பல் கம்பளி என்று கூசாமல் சொன்னபோது பின்னாலிருந்து சிரிப்பு வந்தது.

"தங்கச்சி, நீ எங்கன வேணா உக்காரு, ஏம் பின்னாடி மட்டும் உக்காராத" என்றார் பாய்.

"பின்ன எங்கன உக்கார? ஏம் எடம்தான் இல்லைங்கிறாகளே."

 தங்கச்சி அன்று சீக்கிரம் எழுந்து போய்விட்டார்.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த முறை வேறு ஒருவர் எழுதியிருந்தார். வாக்கியங்கள் கொஞ்சம் தளர்ந்திருந்தன. படத்துக்கு நன்றி. தமிழில் இந்த விளையாட்டை வெளியிடும் திட்டம் இப்போதைக்கு இல்லை. நீங்கள் சொன்ன வடிவத்தில், எழுத்து மட்டும், இலவசமாக, இணையத்தில் வைத்துக்கொள்ளலாம். இது ரசிகர்கள் செய்தது, எங்கள் வெளியீடு அல்ல என்ற வரி ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும். பின்னால் அதிகாரப்பூர்வத் தமிழ்ப் பதிப்பு வந்தால் நீக்கிவிட வேண்டும். நியாயமான நிபந்தனைகள். ஏற்கிறோம் என்று ஒரு வரியில் எழுதினேன்.

பாய் போனில் முழுவதையும் கேட்டார். "அந்த வரியில ஏம் பேரு வராதா மாப்ளே? சின்னதா?"

"வராது."

"ரசிகர்கள்னு இருக்குல்ல, அதுல நானும் உண்டுல்ல?"

"உண்டு."

"அது போதும்" என்று வைத்துவிட்டார்.

துண்டுச் சீட்டுகளையும் அண்ணாச்சிதான் அடித்தார். வேறு யாருடைய காலண்டருக்கோ ஓடிய பெரிய தாளில் ஓரமாக மிச்சம் இருந்த இடத்தில் ஏற்றித் தந்தார். காரியாபட்டிக்கான வெறும் அட்டைகளும் அன்றே வெட்டித் தயாராக இருந்தன. சீட்டின் புரூஃப் பார்க்க நான் போய் நின்றேன்.

"பின்னாடி?"

"வெள்ளை."

"முன்னாடி ஓரத்துல?"

"அந்த ரசிகர் வரி மட்டும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் அடி ஓரத்தில் எறும்பு அளவில் அச்சகத்தின் பெயர் இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன்.

"ஏம் பேருமா வேண்டாம்?" என்றார் அண்ணாச்சி. எடுத்துவிட்டார். பிளேட் போடுகிறவரிடம், "நம்ம மெஷின்ல பேரில்லாம ஓடுற மொத சரக்கு இதான். பத்திரமா ஓட்டு" என்று சொன்னது கதவுவரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்திருந்தது. பாய் வர நேரமானதால் நானும் தங்கச்சியும் சீட்டுகளை உறைகளில் செருகிக்கொண்டிருந்தோம். பேக்கிங் கை, நான் ஒன்று செருகுவதற்குள் அவர் நாலு முடித்தார். எண் சரியா என்று ஒவ்வொன்றையும் சரிபார்த்தது மட்டும் நான். பாய் நனைந்து வந்து, தலையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தங்கச்சி தன் அட்டைகளை எடுத்து, சுவரோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டு, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வாசிக்கும்போது உதடு லேசாக அசைந்தது. பாய் அதைக் கவனிப்பதைப் பார்த்ததும் கையால் வாயை மறைத்துக்கொண்டார். தன் முதல் கப்பலில் மிளகு என்றார். பாய் நம்பினார். மிளகு இல்லை. இரண்டாவது கப்பலிலும் மிளகு என்றார். நான் நம்பவில்லை. அதில் மிளகுதான் இருந்தது.

"ஏலே, இவ நம்மள விக்கப் போறாடா" என்றார் பாய்.

"ஒங்கள யாரு பாய் அண்ணே வாங்குவாக?"

கடல் முழுவதும் கட்டியானபோது பாய் ஜெயித்திருந்தார், நான் இரண்டாவது, தங்கச்சி மூன்றாவது. அவர் கையில் இன்னும் இரண்டு அட்டைகள் இருந்தன. அது என்ன என்று பாய் கேட்டார். தங்கச்சி யாருக்கும் காட்டாமல் இரண்டையும் கட்டுக்குள் செருகிக் கலைத்துவிட்டார்.